காணாமல் போன யானைக் காது

மகளுடைய சிநேகிதி ஒருத்தி, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஒரு பை நிறையப் பழைய பஸில்களை என் பேத்திக்குக் கொடுத்து அனுப்பியிருந்தாள். பேத்திக்கு அடுத்த மாதம் நாலு வயது முடிகிறது. பையைக் கவிழ்த்துக் கொட்டியதும் அவள் கை போனது யானைப் படத்துக்குத்தான். மொத்தம் 24 துண்டு. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவளும் நானுமாக அரை மணி நேரம் அடுக்கினோம். முடிவில் நடுவே ஒரு ஓட்டை. பையை உதறிப் பார்த்தோம், மற்ற டப்பாக்களைத் திறந்து பார்த்தோம். இல்லை.

"தாத்தா, யானைக்கு ஒரு காது இல்ல" என்றாள். அழவில்லை. ஆனால் அந்த ஓட்டைக்குள் வைத்த விரலை எடுக்கவும் இல்லை.

நான் 32 வருஷம் புத்தக பைண்டிங் வேலை பார்த்தவன். அட்டை, பசை, கத்தி, இரும்பு ஸ்கேல் இவற்றோடுதான் என் நாள் ஓடியது. கிழிந்து வந்த எத்தனையோ புத்தகங்களுக்கு உயிர் கொடுத்த கைக்கு ஒரு யானைக் காது பெரிய வேலை இல்லை. "இரு கண்ணு, செஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடி எடுத்தேன்.

எப்படிச் செய்தேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துண்டு தொலைந்த பஸில் இல்லாத வீடு குறைவு. பெரும்பாலும் ஒரு துண்டுக்காக முழுப் பஸிலையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

முதலில், அடுக்கிய படத்தை அலுங்காமல் ஒரு பலகைமேல் நகர்த்தி, ஓட்டைக்கு அடியில் வெள்ளைத் தாளைச் செருகினேன். கூராகச் சீவிய பென்சிலை ஓட்டையின் ஓரத்தோடு ஒட்டி ஓட்டினேன். பென்சில் முனைக்கும் ஒரு தடிமன் உண்டு, அதனால் கோடு ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளித்தான் விழும். கோட்டின்மேலேயே வெட்டினால் துண்டு சின்னதாகி லொடலொடவென்று ஆடும். கோட்டுக்கு வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும். அடுத்தது தடிமன். பழைய சட்டைப் பெட்டியின் அட்டை மெலிதாக இருந்தது. இரண்டு அட்டையை ஒட்டி, நடுவில் ஒரு தாளும் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க அமுக்கி வைத்தேன். காலையில் பக்கத்துத் துண்டின்மேல் விரலை வைத்துத் தடவினால் மேடு பள்ளம் தெரியவில்லை. ஓரத்தை உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்ததும் 'டக்' என்று உட்கார்ந்துவிட்டது.

வண்ணம் தீட்டுவது அவள் பொறுப்பு. அவள் கிரேயான் பெட்டியில் சாம்பல் நிறம் இல்லை. ரொம்ப நேரம் யோசித்து நீலத்தை எடுத்தாள். இப்போது எங்கள் யானைக்கு ஒரு காது சாம்பல், ஒரு காது நீலம். அன்றிலிருந்து தினமும் அந்தப் பஸிலைத்தான் முதலில் எடுக்கிறாள். நீலக் காதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபிறகு கடைசியாகப் பொருத்துகிறாள். பையில் வந்த மற்ற ஏழு பஸில்களும் முழுசாகத்தான் இருக்கின்றன. அவற்றை இந்த அளவுக்குத் தொடுவதில்லை.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள். பிறந்தநாளுக்கு என்று போனில் ஒரு நீளப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். 'அறிவை வளர்க்கும்' பொம்மை, 'கணிதத் திறன்' பெட்டி, எழுத்துக் காந்தங்கள், ஒளி காட்டிப் பாட்டுப் பாடும் பலகை. "அப்பா, இதெல்லாம் வாங்கிக் கொடுக்கலேன்னா இவ பின்தங்கிடுவாளா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த கவலை என்னைத் தைத்தது. விலையைப் பார்த்து வந்த கவலை பாதி, வாங்க முடியாவிட்டால் பிள்ளைக்குக் குறை வைத்துவிடுவோமோ என்பது பாதி. இரண்டாவது பாதி தேவையே இல்லாதது. அந்தப் பட்டியலில் இருந்ததில் முக்கால்வாசியை வீட்டில் கிடக்கிற அட்டையிலேயே செய்துவிடலாம் என்று சொன்னேன். சொன்னதோடு விடாமல் இந்த மூன்று மாதமாகச் செய்தும் வருகிறேன்.

படப் பஸிலிலிருந்தே தொடங்குகிறேன். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், நில வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டிலேயே அறுத்து விற்றார். பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்றுக்கொடுக்கத்தான். இன்றைய பஸில்களில் இருக்கிற குமிழும் குழியும் அதில் கிடையாது. கோட்டில் வெட்டியது, அவ்வளவுதான். நாமும் முதல் பஸிலுக்கு அந்தக் குமிழ் வெட்டிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. நேர்க்கோடு போதும்.

எதை வெட்டுவது? பழைய நாள்காட்டிப் படம், பத்திரிகை அட்டை, பிள்ளை வரைந்த படம், குடும்பப் புகைப்படத்தின் நகல், எதுவும் ஆகும். எங்கே வெட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். வெறும் வானம் மட்டும், வெறும் புல் மட்டும் உள்ள துண்டு சின்னப் பிள்ளையைத் திணறடிக்கும். ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று, ஒரு கண், ஒரு சக்கரம், ஒரு கொம்பு, இருக்கும்படி கோடு போட வேண்டும். நாய்ப் படமாக இருந்தால் முகத்தின் நடுவே வெட்டுங்கள், வாலையும் இரண்டாக்குங்கள். பாதி முகம் கையில் இருந்தால் மீதிப் பாதியைக் கண் தானாகவே தேடும்.

துண்டுகளின் எண்ணிக்கையை ஒரேயடியாக ஏற்றக் கூடாது. நான் செய்தது இது. ஒரு படத்தை நாலாக வெட்டினேன். ஒரு வாரம் விளையாடினாள். கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகிற அளவுக்கு வந்ததும், அவள் எதிரிலேயே ஒவ்வொரு துண்டையும் இரண்டாக வெட்டினேன். எட்டாயிற்று. பதினைந்து நாள் கழித்துப் பதினாறு. அதே படம், அதே அட்டை, மூன்று பஸில். கடையில் வாங்கியதில் இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது. நாம் செய்ததில் தாராளமாகச் செய்யலாம்.

பிள்ளை தடுமாறினால் இன்னொரு வழி உண்டு. முழுப் படத்தையும் நாமே அடுக்கிவிட்டு, ஒரே ஒரு துண்டை மட்டும் அவர்கள் கையில் கொடுப்பது. முடித்த சந்தோஷம் அவர்களுடையதாகிவிடும். மறுநாள் இரண்டு துண்டு, அப்புறம் மூன்று. 'உனக்கு வராது, கொடு' என்று கையிலிருந்து பிடுங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இங்கே பைண்டராக ஒரு விஷயம். அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் படத்தை ஒட்டினால், பசை காயும்போது தாள் இழுத்து, அட்டை அப்பளமாக வளைந்துவிடும். பின்பக்கமும் ஒரு சாதாரணத் தாளை ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும். ஒட்டிய கையோடு வெட்ட வேண்டாம், நன்றாகக் காய்ந்தபிறகு வெட்டினால்தான் ஓரம் பிசிறாது. சாமான் வருகிற பெட்டியின் அலை அட்டையைப் பஸிலுக்கு எடுக்காதீர்கள். வெட்டிய ஓரம் நசுங்கி, நாலு நாளில் பிரிந்துவிடும். நோட்டுப் புத்தகங்களின் பின்பக்கத்தில் வருகிற கெட்டியான சாம்பல் அட்டைதான் இதற்குச் சரி. வெட்டும்போது ஒரே அழுத்தில் கத்தியை இறக்காமல், ஸ்கேல் வைத்து லேசாக நாலைந்து முறை ஓட்டுங்கள். கத்தி பெரியவர் கையை விட்டுப் போகவே கூடாது. வேலை முடிந்ததும் எட்டாத உயரத்தில் வைத்துவிட வேண்டும்.

அடுத்தது டாங்கிராம். சீனாவிலிருந்து வந்த இந்தப் புதிரை விலை கொடுத்து வாங்குவது எனக்கு ஏற்பே இல்லை. ஒரு சதுர அட்டையை ஏழாக வெட்டியதுதான், அந்த ஏழையும் சேர்த்துப் படகு மாதிரி உருவங்களை அடுக்க வேண்டும். பெரிய முக்கோணம் இரண்டு, நடுத்தரம் ஒன்று, சின்னது இரண்டு, ஒரு சதுரம், ஒரு இணைகரம். சின்ன முக்கோணத்தை அளவாக வைத்துக்கொண்டால், சதுரமும் இணைகரமும் நடுத்தர முக்கோணமும் ஒவ்வொன்றும் இரண்டு சின்ன முக்கோணத்துக்குச் சமம், பெரியது நாலுக்குச் சமம். எல்லாம் சேர்த்து 16. பின்னம் என்ற வார்த்தையே தெரியாத பிள்ளை, இரண்டு சின்னதைச் சேர்த்துச் சதுரத்தின்மேல் வைத்து 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்காகவே இரண்டு செட் வெட்டி வைத்திருக்கிறேன்.

முதல் செட்டில் ஒரு தப்பு செய்தேன். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெறும் அட்டை நிறம் என்று விட்டுவிட்டேன். இந்த ஏழில் இணைகரம் ஒன்றுக்குத்தான் புரட்டிப் போட வேண்டிய தேவை வரும். மற்ற ஆறையும் சுழற்றினாலே போதும். அவள் சரியாகத்தான் புரட்டினாள், ஆனால் அட்டை நிறம் தெரிந்ததும் "இது தப்புப் பக்கம்" என்று திருப்பி வைத்துவிட்டாள். படகு கடைசிவரை முடியவில்லை. மறுநாள் இரண்டு பக்கமும் சிவப்புத் தாள் ஒட்டினேன். படகு வந்தது.

இனி எழுத்துக்கு வருகிறேன். எனக்கு மனசு நிறையச் சொல்ல வேண்டியிருப்பது இதைப் பற்றித்தான். விற்பனைக்கு வருகிற எழுத்துப் பொம்மைகளில் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழுக்கு என்று தேடினால் 247 எழுத்தையும் ஒரே தாளில் அடித்த அட்டவணைதான் அதிகம் கண்ணில் படுகிறது. சுவரில் ஒட்டி வைத்தால் பிள்ளைக்கு அது சுவரோடு சுவர். 247 என்ற எண்ணைப் பார்த்துப் பெரியவர்களே மலைத்துப் போகிறார்கள். உண்மையில் தமிழ் எழுத்தே ஒரு பஸில்தான். துண்டுகளாகக் கொடுத்தால் பிள்ளை தானே அடுக்கிக்கொள்ளும்.

நான் வெட்டியது 25 துண்டு. க முதல் ன வரை 18 அட்டை. அப்புறம் மேலே வைக்கிற புள்ளி ஒன்று, துணைக்கால் ஒன்று, ி, ீ ஆகிய இரண்டு விசிறி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்துக்கான ை, ஆக ஏழு. புள்ளியையும் விசிறிகளையும் மட்டும் தெளிவான பிளாஸ்டிக் தாளில் எழுதிக்கொண்டேன், எழுத்தின்மேல் வைத்தால் அடியில் இருப்பது தெரிய வேண்டுமே. சட்டைப் பெட்டிகளில் வருகிற பிளாஸ்டிக் தாள் அதற்குப் போதும்.

இந்த 25 துண்டை வைத்து எத்தனை எழுத்து வரும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். புள்ளி வைத்தால் மெய் 18. எதுவும் வைக்காவிட்டால் அகர வரிசை 18. துணைக்கால், இரண்டு விசிறி, இரண்டு கொம்பு, ை என்று ஆறு வரிசை. ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ஒ, இரட்டைக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ஓ, அது இரண்டு வரிசை. எல்லாம் சேர்த்து 180 எழுத்து. ஒரு உள்ளங்கையில் அடங்குகிற துண்டுகளில் 180 எழுத்து!

உயிர்மெய்யில் மிச்சம் இருப்பது உகரம், ஊகாரம், ஔகாரம். ஔகாரத்துக்கு இந்த வயதில் அவசரமில்லை. உகர, ஊகார வரிசைகள்தான் இந்த வழிக்குள் அடங்காதவை. கு, சு, டு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் ஒரே துண்டை ஒட்டிக் காட்ட முடியாது. அவற்றுக்கு மட்டும் 36 தனி அட்டை எழுதி ஜோடி சேர்க்கிற விளையாட்டாக வைத்துவிட்டேன். கு-வையும் கூ-வையும் கவிழ்த்துப் போட்டு, திருப்பித் திருப்பி ஜோடி தேடுவது. ஒரு தடவைக்கு ஆறு ஜோடிக்குமேல் வேண்டாம்.

கொம்பில் அவள் ஒரு வாரம் நின்றாள். வாயில் முதலில் வருவது 'க்' ஓசை, பிறகுதான் 'எ'. எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. "ஏன் தாத்தா இது முன்னாடி வந்து நிக்குது?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. கொம்பைக் கொஞ்சம் கனமான அட்டையில் வெட்டி அவள் கையில் கொடுத்து, "இது கதவு. கதவைத் தாண்டித்தான் வீட்டுக்குள்ள போகணும்" என்றேன். அதை ஏற்றுக்கொண்டாள். கெ, கொ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுக்கு முன்கதவு மட்டும், அதுக்குப் பின்கதவும் இருக்கு" என்று அவளாகவே அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று.

கதைப் புத்தகத்துக்கும் வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் குழந்தைக் கதைகள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியிடுவதால் இறக்கி அச்சிட்டுக்கொள்வதில் தடையில்லை. அச்சிட்ட தாள்களை மூலையில் பின் அடித்துக் கொடுத்தால் இரண்டு நாளில் கிழிந்துவிடும், பின்னும் கழன்று கையைக் குத்தும். நாலு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாதியாக மடித்தால் 16 பக்கப் புத்தகம். வெளித் தாளின் ஒரு முகத்தில் 16-ம் 1-ம், மறுமுகத்தில் 2-ம் 15-ம் வர வேண்டும், மற்றது அதே வரிசைப்படி உள்ளே போகும். மடிப்பில் மூன்று துளை. ஊசியை நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல் துளை வழியாக உள்ளே வந்து, நேரே கீழ்த் துளைக்குப் போய் வெளியேறி, மறுபடி நடுத் துளைக்குள் வந்து முடிச்சு. ஐந்து நிமிஷ வேலை. அவள் பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்தால் அந்தப் புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில்தான் தூங்கும்.

பழையது வாங்குவதிலும், கேட்டு வாங்குவதிலும் எனக்குத் தயக்கமே இல்லை. பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் இவை அட்டைப் பெட்டியில் அடைந்து கிடக்கின்றன, கேட்டால் சந்தோஷமாகத்தான் கொடுப்பார்கள். நூலகங்களில் சில இடங்களில் பஸிலும் பொம்மையும்கூட இரவல் தருவதுண்டு, ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். வந்ததும் துண்டுகளை எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு பஸிலுக்கும் ஒரு குறி வைத்து, எல்லாத் துண்டுகளின் முதுகிலும் அதே குறியைப் போட்டுவிடுங்கள். எங்கள் யானைக்கு வட்டம், ரயிலுக்குப் பெருக்கல் குறி. கலந்து போனாலும் இரண்டு நிமிஷத்தில் பிரித்துவிடலாம். பிளாஸ்டிக் சாமானை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மரத்தையும் அட்டையையும் ஊற வைக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இதில் விளையாட்டாக இருக்கக் கூடாத விஷயம் ஒன்று. மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சின்னத் துண்டு கூடவே கூடாது. பொம்மைகளைச் சோதிக்க ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. பேத்திக்கு ஒரு வயதுத் தம்பி இருக்கிறான். அதனால் நான் வெட்டுவது எதுவும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாது. புள்ளித் தாளும் அதே அளவு, நடுவில்தான் புள்ளி. பழைய பொம்மையில் பொத்தான் பேட்டரியோ, குட்டிக் காந்தமோ கழன்று வருகிற நிலையில் இருந்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள், விழுங்கினால் குடலையே ஓட்டையாக்கும். மிகப் பழைய மரப் பொம்மையில் பெயின்ட் உரிந்திருந்தாலும் வேண்டாம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

பணம் கொடுத்து வாங்குவது என்றால் என்ன வாங்கலாம் என்று மகள் கேட்டாள். மரக்கட்டைகள் என்றேன். அதை அட்டையில் செய்ய முடியாது, கனம் வேண்டும். 1837-ல் ஜெர்மனியில் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபல், தான் வடிவமைத்த விளையாட்டுப் பொருள்களில் ஒன்றாக ஒரு மரக் கனசதுரத்தை எட்டுச் சின்னக் கனசதுரமாகப் பிரித்துக் கொடுத்தார். எட்டே கட்டை. அதில் நாற்காலி வரும், படிக்கட்டு வரும், ரயில் வரும். பாட்டுப் பாடும் பலகைக்குப் பட்டனை அமுக்குவதைத் தவிர வேறு வேலை கொடுக்கத் தெரியாது. பட்டியலில் இருந்து அதை மகளே நீக்கிவிட்டாள். பிறந்தநாளுக்கு மரக்கட்டைகள் மட்டும் வருகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி தன் பிள்ளைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு தாளில் என்னை வரைந்திருந்தாள். பெரிய வட்டம், கண்ணாடி, நீளமாக இரண்டு கை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கோணல்மாணலாக ஐந்தாக வெட்டி என் முன்னால் பரப்பி, "இப்ப நீ அடுக்கு" என்றாள். அடுக்கினேன். நாலுதான் இருந்தது, முகத்தில் ஒரு பக்கம் ஓட்டை. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் துண்டுக்கு நீலம் அடித்திருந்தாள்.